குளோரின் போட்ட குடிநீரும் அதன் துணைவிளைபொருட்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழாய்த் தண்ணீரில் குளோரின் கலப்பது கிருமியைக் கொல்லத்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் குளோரின் அந்த வேலையோடு நிற்பதில்லை. தண்ணீரில் கரைந்திருக்கும் வேறு பொருட்களோடும் சேர்ந்து புதிதாகச் சில வேதிப்பொருட்களை உண்டாக்குகிறது. முதல்முறை இதைக் கேள்விப்படுகிறவர்கள் ஒன்று பயந்துபோய் குளோரினே வேண்டாம் என்கிறார்கள், இல்லையென்றால் எல்லாம் புரளி என்று ஒதுக்குகிறார்கள். இரண்டுமே தப்பு. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்களைக் கீழே பார்க்கலாம்.

துணைவிளைபொருள் என்று எதைச் சொல்கிறார்கள்?

ஆற்றிலும் ஏரியிலும் இலை, சருகு, பாசி, மண் எல்லாம் ஊறிக் கிடக்கின்றன. தேயிலையில் சாயம் இறங்குவதுபோல அவற்றிலிருந்து கரிமப்பொருட்கள் தண்ணீரில் இறங்குகின்றன. இவற்றில் முக்கியமானவை ஹியூமிக் அமிலம், ஃபல்விக் அமிலம் போன்றவை. இவற்றை மட்டும் குடித்தால் பெரிய கெடுதல் ஒன்றும் இல்லை. குளோரின் இவற்றோடு சேரும்போதுதான் துணைவிளைபொருட்கள் பிறக்கின்றன.

இவற்றில் அதிக அளவில் உண்டாகும் குடும்பங்கள் இரண்டு. முதலாவது டிரைஹாலோமீத்தேன்கள், சுருக்கமாக டி.எச்.எம். குளோரோஃபார்ம், புரோமோடைகுளோரோமீத்தேன், டைபுரோமோகுளோரோமீத்தேன், புரோமோஃபார்ம் என்று நான்கு பேர் இதில் உண்டு. இரண்டாவது ஹாலோஅசிட்டிக் அமிலங்கள். இதுவரை அடையாளம் காணப்பட்ட துணைவிளைபொருட்கள் 700-ஐத் தாண்டும், ஆனால் சட்டங்கள் வரம்பு வைத்திருப்பது விரல்விட்டு எண்ணக்கூடிய சிலவற்றுக்குத்தான். டி.எச்.எம். அளவைப் பார்த்து மற்றவை எப்படி இருக்கும் என்று ஊகிப்பதுதான் நடைமுறை.

ஆமாம், அந்தக் காலத்தில் அறுவைச் சிகிச்சைக்கு மயக்கம் கொடுத்த அதே குளோரோஃபார்ம்தான். அளவில்தான் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

இது எப்போது தெரியவந்தது?

குடிநீருக்குக் குளோரின் போடும் வழக்கம் பழையது. 1897-ல் இங்கிலாந்தின் மெய்ட்ஸ்டோன் நகரில் டைஃபாய்டு பரவியபோது குழாய்களைப் பிளீச்சிங் பவுடர் கரைசலால் கழுவினார்கள். 1908-ல் அமெரிக்காவின் ஜெர்சி நகரத்துக்குப் போகும் தண்ணீரில் குளோரின் கலப்பது நிரந்தர ஏற்பாடானது. அதன்பிறகு அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகத் துணைவிளைபொருள் என்ற பேச்சே எழவில்லை. மைக்ரோகிராம் கணக்கில் இருப்பதை அளக்கும் கருவி அப்போது யாரிடமும் இல்லை.

1974-ல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் குடிநீர் நிறுவனத்தில் வேதியியலாளராக இருந்த யோஹன்னஸ் ரூக், குளோரின் போடுவதற்கு முன் தண்ணீரில் இல்லாத குளோரோஃபார்ம், போட்ட பின் இருப்பதைக் காட்டினார். அதே ஆண்டு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் ஆய்வாளர்களும் தனியாக இதையே கண்டார்கள். 1976-ல், அதிக அளவு குளோரோஃபார்ம் கொடுக்கப்பட்ட எலிகளுக்குப் புற்றுநோய் வருவதாக அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் அறிக்கை வெளியிட்டது. 1979-ல் முதல் சட்ட வரம்பு வந்தது.

எங்கள் ஊர்த் தண்ணீரில் இது அதிகமா, குறைவா? எதை வைத்துச் சொல்வது?

முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஆறு, ஏரி, அணை என்றால் கரிமப்பொருள் அதிகம், அதனால் துணைவிளைபொருளுக்கும் வாய்ப்பு அதிகம். ஆழமான நிலத்தடி நீரில் கரிமப்பொருள் பொதுவாகக் குறைவு. ஆனால் கடலோரத்தில் உப்புநீர் ஏறிய நிலத்தடி நீரில் புரோமைடு இருக்கும். அங்கே குளோரோஃபார்முக்குப் பதிலாகப் புரோமின் ஏறிய வகைகள் கூடுதலாக உண்டாகும். செல் அளவிலான சோதனைகளில் புரோமின் வகைகள் குளோரின் வகைகளைவிட நச்சுத்தன்மை கூடியவையாகவும், அயோடின் வகைகள் அதற்கும் மேலாகவும் தெரிகின்றன. ஆகவே மொத்த அளவு குறைவாக இருந்தாலும் கலவை எது என்பதும் முக்கியம்.

இரண்டாவது, வெப்பம். தண்ணீர் சூடாக இருந்தால் வினை வேகமாக நடக்கும். ஒரே ஊரில் கோடைக்காலத்து அளவும் குளிர்காலத்து அளவும் ஒன்றாக இருக்காது. புதுவெள்ளம் வந்து ஆறு கலங்கும் நாட்களில் கரிமப்பொருள் கூடும், கிருமியும் கூடும், அதனால் குளோரினையும் கூட்டிப் போடுவார்கள். எல்லாம் ஒரே நேரத்தில் கூடும் காலம் அது.

மூன்றாவது, நேரம். சுத்திகரிப்பு நிலையத்தில் போட்ட குளோரின் வழியெல்லாம் வினைபுரிந்துகொண்டே வருகிறது. நிலையத்துக்கு அருகில் உள்ள வீட்டைவிட, குழாயின் கடைக்கோடியில் உள்ள வீட்டில் டி.எச்.எம். அதிகமாக இருக்கும். மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் நாள்கணக்கில் தேங்கினாலும் அப்படித்தான். ஹாலோஅசிட்டிக் அமிலங்களின் போக்கு கொஞ்சம் வேறு. குளோரின் தீர்ந்துபோன கடைக்கோடிக் குழாயில் நுண்ணுயிர்கள் அவற்றைச் சிதைத்துவிடுவதால், அங்கே அவை குறைந்தும் போகலாம்.

தண்ணீரின் பி.எச். அளவும் ஒரு காரணி. காரத்தன்மை கூடினால் டி.எச்.எம். பக்கம் சாயும், அமிலத்தன்மை கூடினால் ஹாலோஅசிட்டிக் அமிலம் பக்கம் சாயும். ஒன்றைக் குறைக்கப் போய் இன்னொன்றைக் கூட்டிவிட்ட நிலையங்கள் உண்டு.

குளோரின் வாடை தூக்கலாக அடித்தால் துணைவிளைபொருள் அதிகம் என்று அர்த்தமா?

இல்லை. வாடை என்பது பெரும்பாலும் குளோரினுடையது. வரம்பை ஒட்டிய அளவில் இருக்கும் குளோரோஃபார்மை எந்த மூக்காலும் பிடிக்க முடியாது, அந்த வாசனை தெரிய லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் இருக்க வேண்டும். வாடையே இல்லாத தண்ணீரில் டி.எச்.எம். நிறைய இருக்கலாம், ஏனென்றால் குளோரின் எல்லாம் வினையில் செலவாகிப் போயிருக்கும். சொல்லப்போனால் கடைக்கோடி வீட்டுத் தண்ணீருக்கு வாடை இல்லையே என்று சந்தோஷப்படுவதைவிட, கிருமியைத் தடுக்கக் குளோரின் மிச்சம் இருக்கிறதா என்று யோசிப்பது நல்லது.

மருந்து வாடை அடித்தால் அது குளோரின் ஃபீனால் வகைப் பொருட்களோடு சேர்ந்ததால் இருக்கலாம். நீச்சல்குளத்தில் கண்ணை எரிக்கும் அந்த வாடையும் சுத்தமான குளோரின் வாடை அல்ல. வியர்வை, சிறுநீர் ஆகியவற்றில் உள்ள நைட்ரஜன் பொருட்களோடு குளோரின் சேர்ந்து உண்டாகும் டிரைகுளோராமின் அது.

எவ்வளவு வரை இருக்கலாம்?

நாட்டுக்கு நாடு வேறுபடும். அமெரிக்காவில் 1979-ல் நான்கு டி.எச்.எம்.களின் கூட்டுத்தொகைக்கு லிட்டருக்கு 100 மைக்ரோகிராம் என்று வரம்பு வைத்தார்கள். 1998-ல் அதை 80 ஆக்கி, ஐந்து ஹாலோஅசிட்டிக் அமிலங்களின் கூட்டுத்தொகைக்கு 60, ஓசோன் முறையில் உண்டாகும் புரோமேட்டுக்கு 10, குளோரின் டையாக்சைடு முறையில் உண்டாகும் குளோரைட்டுக்கு 1,000 மைக்ரோகிராம் என்றும் சேர்த்தார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் டி.எச்.எம். கூட்டுத்தொகைக்கு 100. ஹாலோஅசிட்டிக் அமிலங்களுக்கு 60 என்பதை 2020-ன் புதிய குடிநீர் நெறியில் சேர்த்தார்கள்.

உலகச் சுகாதார நிறுவனம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வழிகாட்டு அளவு சொல்கிறது: குளோரோஃபார்ம் 300, புரோமோஃபார்ம் 100, டைபுரோமோகுளோரோமீத்தேன் 100, புரோமோடைகுளோரோமீத்தேன் 60. இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500 (2012) ஏறக்குறைய இதே வழியில் போகிறது, குளோரோஃபார்முக்கு மட்டும் 200.

உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுகளில் ஒரு நுணுக்கம் உண்டு. நான்கும் தனித்தனியாக வரம்புக்குள் இருந்தால் போதாது. ஒவ்வொன்றின் அளவையும் அதனதன் வழிகாட்டு அளவால் வகுத்துக் கூட்டினால் 1-க்கு மேல் போகக்கூடாது. உதாரணத்துக்கு, குளோரோஃபார்ம் 150, புரோமோடைகுளோரோமீத்தேன் 45 இருக்கிறது என்று வையுங்கள். 150/300 என்பது 0.5, 45/60 என்பது 0.75, கூட்டினால் 1.25. தனித்தனியாகப் பாஸ், சேர்த்துப் பார்த்தால் ஃபெயில். பல ஆய்வறிக்கைகள் இந்தக் கூட்டலைச் செய்யாமலே 'வரம்புக்குள்' என்று எழுதிவிடுகின்றன.

லிட்டருக்கு 80 மைக்ரோகிராம் என்பது எவ்வளவு? பத்து லட்சம் லிட்டர் தண்ணீரில் 80 கிராம்.

புற்றுநோய் வருமா, வராதா? நேரடியாகச் சொல்லுங்கள்.

இந்தக் கேள்விக்கு ஒற்றை வார்த்தையில் பதில் சொல்கிறவரை நம்பாதீர்கள்.

பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை குளோரோஃபார்ம், புரோமோடைகுளோரோமீத்தேன், டைகுளோரோஅசிட்டிக் அமிலம் ஆகியவற்றை 2பி வகையில் வைத்திருக்கிறது, அதாவது 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற வகை. இந்த வகைப்பாடு சான்று எவ்வளவு வலுவானது என்பதைச் சொல்கிறதே தவிர, ஆபத்து எவ்வளவு பெரியது என்பதைச் சொல்வதில்லை. குளோரின் போட்ட குடிநீரை மொத்தமாக எடுத்துக்கொண்டு அதே முகமை 1991-ல் மதிப்பிட்டபோது, வகைப்படுத்தப் போதுமான சான்று இல்லை என்று 3-ஆம் வகையில் வைத்தது.

எலிகளுக்குக் கொடுத்த அளவு மிகப் பெரியது. குளோரோஃபார்ம் விஷயத்தில், கல்லீரல் செல்கள் சேதமாகி மறுபடி மறுபடி வளரும் அளவுக்குக் கொடுத்தால்தான் கட்டி வருகிறது, அதற்குக் கீழே வருவதில்லை என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். உலகச் சுகாதார நிறுவனம் அதற்கு 300 என்று தாராளமாக வைத்திருப்பதற்கு இதுதான் காரணம். மற்ற மூன்றுக்கும் இதே விளக்கத்தை அப்படியே பொருத்த முடியாது.

மனிதர்களிடம் நடந்த ஆய்வுகளில் ஒரே ஒரு புற்றுநோய்தான் திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது, சிறுநீர்ப்பைப் புற்றுநோய். பல பத்தாண்டுகள் டி.எச்.எம். அதிகமுள்ள தண்ணீரைப் பயன்படுத்திய ஆண்களிடம் அது கொஞ்சம் கூடுதலாகத் தெரிகிறது. பெண்களிடம் அந்த அளவுக்குத் தெளிவில்லை. 2020-ல் வெளியான ஓர் ஆய்வு, ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆண்டுதோறும் வரும் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்களில் சுமார் 5 சதவீதத்துக்கு, ஏறக்குறைய 6,500 பேருக்கு, இந்தத் தொடர்பு காரணமாக இருக்கலாம் என்று கணக்கிட்டது. டி.எச்.எம். உண்மையிலேயே காரணம் என்று வைத்துக்கொண்டால் வரும் கணக்கு இது. காரணம் டி.எச்.எம்.-ஆ, அதோடு கூடவே வரும் வேறு ஏதாவதா என்பது இன்னும் முடியாத வழக்கு.

சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் ஏறக்குறைய பாதிக்குப் புகையிலைதான் காரணம். தினமும் சிகரெட் பிடித்துக்கொண்டு குழாய்த் தண்ணீரைப் பற்றிக் கவலைப்படுகிறவர் எதை முதலில் கவனிக்க வேண்டும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஆக, என் கணிப்பு: ஆபத்து பூஜ்யம் இல்லை, சிறியது, நீண்டகாலம் சார்ந்தது. வரம்புக்குள் இருக்கும் தண்ணீரை ஒரு மாதம் குடித்ததால் யாருக்கும் எதுவும் ஆகிவிடாது. ஒரு முழு ஊருக்கு நாற்பது வருடம் அதிக அளவில் கொடுப்பது என்றால் அது பொதுச் சுகாதாரப் பிரச்சினைதான்.

கர்ப்பிணிகள் குடிக்கலாமா?

1998-ல் கலிஃபோர்னியாவில் வெளியான ஓர் ஆய்வு, லிட்டருக்கு 75 மைக்ரோகிராமுக்கு மேல் டி.எச்.எம். உள்ள குழாய்த் தண்ணீரை நாளுக்கு ஐந்து தம்ளர் அல்லது அதற்கு மேல் குடித்த பெண்களிடம் கருச்சிதைவு 15.7 சதவீதம் என்றும், மற்றவர்களிடம் 9.5 சதவீதம் என்றும் சொல்லிப் பெரிய பரபரப்பைக் கிளப்பியது. அதைச் சரிபார்க்கத் திட்டமிட்டு நடத்தப்பட்ட அடுத்த பெரிய ஆய்வில் அந்தத் தொடர்பு உறுதியாகவில்லை. பிறப்பு எடை சற்றுக் குறைவது பற்றியும் ஆய்வுகள் உண்டு. அவற்றில் தெரியும் விளைவு சிறியது, முடிவுகள் ஒரே மாதிரியும் இல்லை.

மனசு ஒப்பவில்லை என்றால் குடிக்கும் தண்ணீரை மட்டும் கார்பன் ஃபில்டரில் வடிகட்டிக்கொள்ளலாம், அதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. ஆனால் குளோரின் இல்லாத, சோதிக்காத கிணற்றுத் தண்ணீருக்கு மாறிவிடாதீர்கள். கர்ப்பகாலத்தில் மஞ்சள்காமாலை உண்டாக்கும் ஹெபடைடிஸ் இ, தண்ணீர் வழியாகத்தான் பரவுகிறது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் அது உயிரையே பறிக்கக்கூடியது.

அப்படியென்றால் குளோரினையே நிறுத்திவிடலாமே?

கூடாது. துணைவிளைபொருளைக் குறைக்கும் முயற்சியில் கிருமி நீக்கத்தில் சமரசமே கூடாது என்பதுதான் உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலை. காலரா, டைஃபாய்டு எல்லாம் நாற்பது வருடம் காத்திருப்பதில்லை.

1991-ல் பெரு நாட்டில் காலரா வெடித்தது. ஒரே ஆண்டில் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். புற்றுநோய்ப் பயத்தில் குளோரினை நிறுத்தியதுதான் காரணம் என்ற கதை இணையத்தில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. முழு நாட்டுக்கும் அதைக் காரணமாக்குவது மிகை. பல ஊர்களில் ஒழுங்காகக் குளோரின் போடும் வசதியே இல்லை. ஆனால் காலரா பரவிய ட்ருஹில்யோ நகரத்தின் தண்ணீரில் குளோரின் போடப்படவில்லை என்பது உண்மை.

மறுபக்கமும் உண்டு. குளோரின் எல்லாவற்றையும் கொன்றுவிடாது. 1993-ல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி குடிநீரில் புகுந்து சுமார் 4 லட்சம் பேரைப் படுக்க வைத்தது. வழக்கமான அளவுக் குளோரினுக்கு அது அசைந்துகொடுக்காது. நல்ல வடிகட்டல்தான் அதற்கு மருந்து. அதே வடிகட்டல்தான் கரிமப்பொருளையும் குறைத்து, குளோரின் வினைபுரிய ஆளில்லாமல் செய்கிறது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வையுங்கள்: குளோரினைக் குறைத்தல்ல, குளோரின் போடும் முன்பே தண்ணீரைச் சுத்தமாக்கித்தான் துணைவிளைபொருளைக் குறைக்க வேண்டும்.

சுத்திகரிப்பு நிலையத்தில் இதற்கு என்ன செய்ய முடியும்?

நிறைய. பழைய பழக்கம், ஆற்றுநீர் உள்ளே வந்தவுடன் வாசலிலேயே குளோரினைக் கொட்டுவது. கலங்கல், பாசி, கரிமப்பொருள் எல்லாம் இருக்கும் தண்ணீர் அது. படிகாரம் போட்டுத் தெளியவைத்து, வடிகட்டி, அதன்பிறகு குளோரின் போட்டால் டி.எச்.எம். கணிசமாகக் குறையும். படிகாரத்தின் அளவையும் பி.எச். அளவையும் கரிமப்பொருளை இறக்குவதற்கேற்ப மாற்றுவது அடுத்த படி. அதற்கும் மேலே போனால் கார்பன் படுகை.

நிலையத்துக்கு வெளியிலும் வேலை உண்டு. மேல்நிலைத் தொட்டித் தண்ணீர் தேங்காமல் புரண்டுகொண்டிருக்கச் செய்வது, முட்டுச்சந்துக் குழாய்களை அவ்வப்போது திறந்துவிட்டுக் கழுவுவது, இவையெல்லாம் பெரிய செலவில்லாத வேலைகள்.

இதைச் செய்யாமல் குளோரினை மட்டும் கூட்டினால் என்ன ஆகும் என்பதற்கு ஃபிளின்ட் நகரம் சாட்சி. 2014 ஏப்ரலில் அந்த அமெரிக்க நகரம் ஆற்றுநீருக்கு மாறியது. கோடையில் தண்ணீரில் கிருமி தென்பட்டது, குளோரினைக் கூட்டினார்கள், டி.எச்.எம். வரம்பை மீறிவிட்டது என்று 2015 ஜனவரியில் மக்களுக்கு அறிவிப்பு போனது. ஈயப் பிரச்சினையால் அந்த ஊர் உலகம் முழுக்கப் பேசப்பட்டது அதற்குப் பிறகுதான்.

ஓசோன், குளோராமின், யூ.வி. என்று போனால் இந்தத் தலைவலி இருக்காதா?

வேறு தலைவலி வரும். ஓசோன் டி.எச்.எம். உண்டாக்காது, ஆனால் தண்ணீரில் புரோமைடு இருந்தால் புரோமேட் உண்டாக்கும். குளோரினோடு அம்மோனியா சேர்த்து உண்டாக்கும் குளோராமினால் டி.எச்.எம். வெகுவாகக் குறையும், ஆனால் என்.டி.எம்.ஏ. என்ற, 2ஏ வகையில் (புற்றுநோய்ச் சான்று 2பி-யைவிட வலுவான வகை) உள்ள பொருள் கொஞ்சம் உண்டாகலாம். குளோரின் டையாக்சைடிலிருந்து குளோரைட் வரும். யூ.வி. எதையும் பெரிதாக உண்டாக்காது, ஆனால் விளக்கைத் தாண்டியதும் அதன் பாதுகாப்பு முடிந்தது. குழாயில் ஓட்டை இருந்து சாக்கடை உள்ளே புகுந்தால் தடுக்க எதுவும் மிச்சமிருக்காது.

வாஷிங்டன் நகரம் துணைவிளைபொருளைக் குறைக்க 2000-ன் இறுதியில் குளோராமினுக்கு மாறியது. அதனால் குழாய்க்குள் படிந்திருந்த ஈயப் படலத்தின் தன்மை மாறி, அடுத்த சில ஆண்டுகளில் வீட்டுத் தண்ணீரில் ஈயம் ஏறியது.

கொதிக்க வைத்தால் போய்விடுமா?

டி.எச்.எம். பெரும்பாலும் போய்விடும். குளோரோஃபார்மின் கொதிநிலையே சுமார் 61 டிகிரி செல்சியஸ்தான். மூடியைத் திறந்து, தண்ணீர் தளதளவென்று சில நிமிடம் கொதித்தால் ஆவியாகிப் போய்விடும். ஜன்னலைத் திறந்துவையுங்கள், இல்லாவிட்டால் தண்ணீரில் இருந்தது அறைக்குள் இருக்கும்.

ஹாலோஅசிட்டிக் அமிலங்கள் அப்படி ஆவியாகாது. டிரைகுளோரோஅசிட்டிக் அமிலம் சூட்டில் ஓரளவு சிதைந்து குளோரோஃபார்மாகி வெளியேறும். டைகுளோரோஅசிட்டிக் அமிலம் நகராது, தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். கிருமிக்காகக் கொதிக்க வைப்பவர்கள் இதை நினைத்து நிறுத்த வேண்டாம்.

பாத்திரத்தில் திறந்து வைத்தால் குளோரின் வாடை போகும். ஆனால் குளோரின் முழுதாகப் போகும்வரை வினையும் நடந்துகொண்டுதான் இருக்கும்.

வீட்டுக்கு எந்த ஃபில்டர்?

வேலையைச் செய்வது கார்பன். ஆர்.ஓ. சவ்வு ஹாலோஅசிட்டிக் அமிலங்களை நன்றாகத் தடுக்கும், ஆனால் சின்ன மூலக்கூறான குளோரோஃபார்ம் அதில் ஓரளவு நழுவிப்போகும். ஆர்.ஓ. பெட்டிக்குள் இருக்கும் கார்பன் குப்பிதான் அதைப் பிடிக்கிறது. யூ.வி. மட்டும் உள்ள கருவி டி.எச்.எம்.-ஐத் தொடக்கூடச் செய்யாது.

வாங்கும்போது 'குளோரின் நீக்கும்' என்று மட்டும் போட்டிருந்தால் அது போதாது. என்.எஸ்.எஃப். 42 என்ற அமெரிக்கத் தரச்சான்று சுவை, வாடை, குளோரின் சம்பந்தப்பட்டது. என்.எஸ்.எஃப். 53 என்பதன் கீழ் டி.எச்.எம். குறைப்புக்குச் சோதித்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

கார்பன், குளோரினைப் பிடிக்கும் திறனை இழப்பதற்கு வெகு முன்பே டி.எச்.எம். பிடிக்கும் திறனை இழந்துவிடும். வாடை வரும்வரை மாற்ற வேண்டாம் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். காலம் தாண்டிய குப்பி, பிடித்து வைத்ததைத் திரும்பத் தண்ணீரில் விடவும் செய்யும்.

இன்னொன்று, இதைப் பலரும் கவனிப்பதில்லை: கார்பன் குளோரினையும் எடுத்துவிடுகிறது. வடிகட்டிய தண்ணீருக்குக் காவல் இல்லை, பாத்திரத்தில் நாள்கணக்கில் வைத்தால் கிருமி வளரும். அதனால்தான் வீடு முழுக்கப் போகும் குழாயின் தொடக்கத்திலேயே பெரிய கார்பன் ஃபில்டர் மாட்டுவது எனக்கு உடன்பாடில்லை. குடிக்கும் இடத்தில் மாட்டினால் போதும்.

குளிக்கும்போதும் உள்ளே போகிறதாமே?

ஆமாம். டி.எச்.எம். ஆவியாகக்கூடியது, தோல் வழியாகவும் புகும். குளித்த பிறகு ரத்தத்தில் டி.எச்.எம். அளவு, அதே தண்ணீரைக் குடித்த பிறகு இருப்பதைவிடக் கூடுதலாக ஏறுவதை ஆய்வுகள் அளந்து காட்டியிருக்கின்றன. குடித்தது முதலில் கல்லீரலுக்குப் போய்ச் சிதைகிறது, மூச்சிலும் தோலிலும் புகுந்தது நேராக ரத்தத்தில் கலக்கிறது. சுடுநீர் ஷவர், மூடிய குளியலறை, நீண்ட குளியல் மூன்றும் சேர்ந்தால் அதிகம். எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுங்கள், அல்லது ஜன்னலைத் திறங்கள். ஹாலோஅசிட்டிக் அமிலங்கள் இந்த வழியில் பெரிதாகப் போவதில்லை.

டி.டி.எஸ். மீட்டரில் இது தெரியுமா? வீட்டிலேயே சோதிக்க முடியுமா?

தெரியாது. அந்த மீட்டர் தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு கடத்தப்படுகிறது என்று பார்த்து உப்பின் அளவைக் கணக்கிடுகிறது. குளோரோஃபார்ம் மின்சாரத்தைக் கடத்தாது. 30 என்று காட்டும் தண்ணீரிலும் டி.எச்.எம். இருக்கலாம். கடையில் கிடைக்கும் குளோரின் சோதனைக் கிட் குளோரின் மிச்சத்தை மட்டும் சொல்லும், அதுவும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்தான்.

டி.எச்.எம். அளக்க ஆய்வகத்தில் கேஸ் குரோமட்டோகிராஃப் என்ற கருவி வேண்டும். மாதிரி எடுப்பதிலேயே பாதி வேலை கெட்டுப்போகும். குழாயைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, பிறகு மெல்லிய தாரையாக, சுமார் 40 மில்லி கொள்ளும் கண்ணாடிக் குப்பியில் விளிம்பு தளும்பப் பிடித்து மூட வேண்டும். குளோரினை அந்த இடத்திலேயே முறிக்க அஸ்கார்பிக் அமிலமோ சோடியம் தயோசல்ஃபேட்டோ உள்ளே இருக்கும். இல்லையென்றால் ஆய்வகம் போய்ச் சேரும்வரை வினை நடந்துகொண்டே இருக்கும். மூடியதும் குப்பியைத் தலைகீழாகத் திருப்பித் தட்டிப் பாருங்கள். ஒரு குமிழி தெரிந்தாலும் டி.எச்.எம். அந்தக் காற்றுக்குள் போய்விடும், மறுபடி பிடிக்க வேண்டியதுதான். பழைய குளிர்பான பாட்டிலில் பாதி நிரப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தால் வரும் எண்ணுக்கு மதிப்பே இல்லை.

அறிக்கையில் ஒரு எண் வரம்பைத் தாண்டியிருக்கிறது. மீறலா?

உடனே சொல்ல முடியாது. அமெரிக்க விதி, மாதிரி எடுக்கும் ஒவ்வொரு இடத்திலும் நான்கு காலாண்டுகளின் சராசரியைப் பார்க்கிறது. 40, 60, 110, 70 என்று வந்தால் சராசரி 70, வரம்பு 80, ஆகவே மீறல் இல்லை. எல்லா நாட்டு விதிகளும் இப்படிச் சராசரி பார்ப்பதில்லை.

எந்த இடத்தில் எடுத்த மாதிரி, எந்த மாதத்தில் எடுத்தது என்பதை எண்ணைவிட முதலில் பாருங்கள். நிலையத்தின் வாசலில், குளிரான மாதத்தில் எடுத்த அழகான எண் கடைக்கோடி வீட்டின் கோடைக்காலத்தைப் பற்றி எதுவும் சொல்லாது.

வீட்டுத் தொட்டியிலும் கிணற்றிலும் நாங்களே பிளீச்சிங் பவுடர் போடுகிறோம். அதில்?

அதே வேதியியல்தான். அடியில் சேறும் சருகும் கிடக்கும் தொட்டியில் பவுடரைக் கொட்டினால் முக்கால்வாசிக் குளோரின் அந்தச் சேற்றோடு மல்லுக்கட்டியே தீர்ந்துவிடும். கிருமியும் சாகாது, துணைவிளைபொருளும் கூடும். முதலில் கழுவுங்கள், அப்புறம் போடுங்கள். நல்ல தரமான பவுடர் என்றால் 1,000 லிட்டருக்குச் சுமார் 2.5 கிராம் என்பது வழக்கமான கணக்கு. பவுடரைக் குழைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் மேலே தெளிந்த கரைசலை மட்டும் ஊற்றிக் கலக்கி, ஒரு மணி நேரம் கழித்து லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்கிறதா என்று கிட்டில் பார்க்க வேண்டும்.

திரவமாக விற்கும் ஹைப்போகுளோரைட் என்றால் வெயிலில் வைக்காதீர்கள். சூட்டில் அது வலு இழப்பதோடு குளோரேட்டாகவும் மாறுகிறது, அதுவும் வேண்டாத ஒரு துணைவிளைபொருள்தான். பழையது வலுவில்லை என்று இரண்டு பங்கு ஊற்றினால் குளோரேட்டும் இரண்டு பங்கு.

பாட்டில் தண்ணீர் வாங்கினால் கவலையில்லைதானே?

அதுவும் ஏதோ ஒரு தண்ணீரிலிருந்து வந்ததுதான். பலவற்றில் ஓசோன் போடுகிறார்கள், மூலநீரில் புரோமைடு இருந்தால் புரோமேட் வரும். சில குழாய்த் தண்ணீரையே வடிகட்டி அடைத்தவை. அறிக்கை கிடைத்தால் நம்பலாம், மூடி நன்றாக இருக்கிறது என்பதற்காக நம்ப முடியாது.

குடிநீர் வழங்குபவர்களிடம் என்ன கேட்பது?

'தண்ணீர் நல்லதா?' என்று கேட்டால் 'நல்லதுதான்' என்று பதில் வரும். இப்படிக் கேளுங்கள்: கடைசியாக எப்போது டி.எச்.எம். சோதித்தீர்கள், நான்கும் தனித்தனியாக எவ்வளவு? மாதிரி கடைக்கோடியில் எடுத்ததா? குளோரின் வடிகட்டலுக்கு முன்பா, பின்பா, இரண்டு இடத்திலுமா? மூலநீரில் கரிமக் கார்பன் எவ்வளவு? கடைக்கோடிக் குழாயில் குளோரின் மிச்சம் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையாமல் இருக்கிறதா? கடைசிக் கேள்விக்கு 'இல்லை' என்று பதில் வந்தால், மற்ற கேள்விகளை ஓரமாக வைத்துவிட்டு அதைச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

மீன் தொட்டிக்கும் டயாலிசிஸுக்கும் இந்தத் தண்ணீர் ஆகுமா?

அப்படியே ஆகாது, ஆனால் காரணம் துணைவிளைபொருள் இல்லை, குளோரினும் குளோராமினும்தான். இவை மீனின் செவுள் வழியாக நேரே ரத்தத்தில் கலக்கும். ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் பெரும்பாலும் போய்விடும், குளோராமின் அவ்வளவு லேசில் போகாது, அதை முறிக்கும் மருந்து தனியாக வேண்டும். டயாலிசிஸில் தண்ணீர் ரத்தத்துக்கு அடுத்த சவ்வு வரை வருவதால், குளோராமின் தப்பிப் போனால் சிவப்பணுக்கள் உடையும். அதற்காகத்தான் அங்கே கார்பன் தொட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து, நோயாளியை இணைக்கும் முன் ஒவ்வொரு முறையும் சோதிக்கிறார்கள். வீட்டில் டயாலிசிஸ் செய்கிறவர்கள், ஊர்த் தண்ணீரில் குளோரினிலிருந்து குளோராமினுக்கு மாறினால் முன்கூட்டியே சொல்லும்படி வழங்குபவரிடம் எழுதிக் கொடுத்து வைப்பது நல்லது.